பிடித்து வைத்த பொட்டலம்

மே 6, திங்கள்

இன்று காலை பதினொன்றே கால் மணிக்கு என் கம்ப்யூட்டர் பேச்சை நிறுத்திவிட்டது. கண் தெரியாத எனக்கு அது பேசினால்தான் கம்ப்யூட்டர். பேசாவிட்டால் மேசையில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு சாமான், அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் அதில்தான் நாட்குறிப்பைத் தட்டி வைப்பேன். இப்போது வேறு வழியில்லாமல் பீரோவின் அடித்தட்டிலிருந்து பிரெயில் பலகையையும் ஊசியையும் எடுத்து, தடித்தாளில் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டிருக்கிறேன். பத்து வரிக்குள் விரல் கெஞ்சுகிறது.

நடந்தது இதுதான். பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் பிரெயிலில் அச்சடிக்கிறார்கள். தட்டச்சு செய்த பாடங்களை அச்சக மேலாளர் செல்வின் எனக்கு அனுப்புவார். கம்ப்யூட்டர் அவற்றை வாசிக்கும். நான் கேட்டுப் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவேன். ரிட்டயர் ஆன மூன்று வருடமாக இதுதான் என் வேலை. இருபத்து மூன்று பாடத்தில் பத்தொன்பது முடிந்துவிட்டது. கடைசி நாலு பாடத்தின் கோப்பு இன்று திறக்க மறுத்தது. "மேடம், உங்க சிஸ்டம் ரொம்பப் பழசு. ஒரு அப்டேட் போட்டுருங்களேன்" என்றார் செல்வின். போட்டேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் வந்தது, குரல் வரவில்லை.

இருபத்தைந்தாம் தேதிக்குள் நாலு பாடத்தையும் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஜூனில் பள்ளி திறக்கும் அன்று புத்தகம் பிள்ளைகள் கையில் இருக்கும். போன வருடம் அக்டோபரில்தான் போய்ச் சேர்ந்தது. காலாண்டுப் பரீட்சையை அந்தப் பிள்ளைகள் புத்தகம் இல்லாமலே எழுதினார்கள். என் கை பட்ட புத்தகத்துக்கு அந்தக் கதி வரக் கூடாது.

மே 7, செவ்வாய்

காலை முழுக்கக் குருட்டாம்போக்கில் தட்டினேன். எனக்கு அந்த வார்த்தையைப் பயன்படுத்தப் பூரண உரிமை உண்டு.

என் கம்ப்யூட்டரை இயக்குவது லினக்ஸ். அதில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொட்டலமாக வந்து உட்காரும். பொட்டலம் என்பது இஸ்ரவேல் சார் வைத்த பெயர். அவர் நான் வேலை பார்த்த பார்வையற்றோர் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர், அவருக்கும் பார்வை கிடையாது. ஒரு பொட்டலம் இன்னொன்றை நம்பித்தான் வேலை செய்யும். பாதி புதுசும் பாதி பழசுமாக நின்றால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதைச் சரிசெய்ய ஒரு கட்டளை உண்டு. அது எனக்கு மனப்பாடம். தட்டினேன். என்டர் அடித்தேன். இயந்திரம் எனக்கு என்ன பதில் சொன்னது என்று எனக்குத் தெரியாது. திரையில் எழுதிக் காட்டியிருக்கும். எனக்குக் காட்டி என்ன புண்ணியம்.

இஸ்ரவேல் சாரிடம் கேட்டால் பத்து நிமிஷ வேலை. கேட்கப்போவதில்லை.

மே 8, புதன்

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரை வரவழைத்தேன். உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை, தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"அம்மா, இது லினக்ஸ்லா. இதெல்லாம் யாரும் வச்சிக்கிட மாட்டாங்க. ஃபார்மட் அடிச்சு வேற போட்டுருவோம்."

"உள்ள இருக்கது?"

"எல்லாம் போயிரும். அதுக்கென்ன, புதுசா சுத்தமா இருக்கும்."

திருத்தி முடித்தும் அச்சகத்துக்கு இன்னும் அனுப்பாத ஏழு பாடம் உள்ளே இருக்கிறது. வேறு சிலதும் இருக்கிறது. என் வீட்டையும் அதே மாதிரி சுத்தம் பண்ணிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. காப்பி மட்டும் கொடுத்து அனுப்பினேன். கதவைச் சாத்தும் சத்தம் அவருக்குப் புரிந்திருக்கும்.

மே 9, வியாழன்

சமையலறைக் குழாயைச் சொட்டுச் சொட்டாக விட்டுவைத்திருந்தேன், வேண்டுமென்றே. மே மாதத்தில் தண்ணீரை இப்படி வீணாக்கியதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரம் வீட்டில் ஏதோ சத்தம் இருந்தது.

மே 11, சனி

மாடியில் குடியிருக்கிற பிரம்மசக்தி இறங்கி வந்தாள். வந்து நாலு மாதம் ஆகிறது. பீடி சுற்றுகிறாள். புருஷன் திருப்பூரில். இதுவரை தண்ணீர் மோட்டாரைப் பற்றித் தவிர நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"டீச்சர், கேக்கேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுல ஒரு ஆம்பளை பேசிக்கிட்டே இருப்பாங்கல்லா, அஞ்சாறு நாளா சத்தத்தையே காணோம். ஊருக்குப் போயிருக்காங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. "அது ஆம்பளை இல்ல பிள்ள. கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டரா? நான் உங்க அண்ணன்னுல்லா நெனச்சேன். பேப்பர் வாசிச்சுக் காட்டுதாங்க, எவ்வளவு பொறுமையான மனுசன்னு எங்க வீட்டுக்காரர்ட்டகூடப் போன்ல சொன்னேன்."

அவளுக்கு விஷயத்தைச் சொன்னேன். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறாள். இங்கிலீஷ் எழுத்து தெரியும், வார்த்தை தெரியாது. அது போதும் என்றேன். பீடித்தட்டை எடுத்துக்கொண்டு வந்து மடியில் வைத்துத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். இலை நறுக்குகிற சத்தம் நிற்கும், ஒரு எழுத்து வரும். மறுபடி நறுக்குவாள். ஒரு வரி வாசிக்க ஐந்து நிமிஷம் ஆனது. வேலை பாதியில் நின்றுபோயிற்று, மீதியை முடித்துக்கொள் என்று இயந்திரம் கேட்கிறது. முடிக்கச் சொன்னேன். அறுபது எழுபது பொட்டலம் மளமளவென்று உட்கார்ந்ததாம். "தேர் ஓடுத மாதிரி ஓடுது டீச்சர்" என்றாள். கடைசியில் பத்துப் பதினைந்து அப்படியே நின்றுவிட்டது. குரலும் அதில் ஒன்று.

புகையிலை வாசம் இன்னும் அறையில் இருக்கிறது. ஜன்னலைத் திறக்கவில்லை.

மே 12, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். ஆராதனை முடிந்ததும் ஜாய்ஸ் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பியூலா, உன்ட்ட ஒண்ணு சொல்லணும்... வேண்டாம், நீ கோவப்படுவ" என்றாள். அப்படியானால் வேண்டாம் என்றேன். அவளும் பள்ளியில் எங்களோடு இருந்தவள்தான். இஸ்ரவேல் சாருடைய பேச்சை என் முன்னால் எடுக்கக் கூடாது என்று நாலு வருடத்துக்கு முன் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். எல்லோரும் நல்லவர்கள். ஒருவர்கூட எடுப்பதில்லை.

மே 14, செவ்வாய்

பிரம்மசக்தி இன்று பாதி வார்த்தைகளை முழுசாக வாசிக்கிறாள். "பேக்கேஜ் வந்துட்டு டீச்சர்" என்கிறாள், உறவுக்காரரைப் பார்த்த மாதிரி.

நின்றுபோன பொட்டலங்களைச் சரிசெய்யும் கட்டளையைத் தட்டினேன். பதிலை அவள் வாசித்தாள். "ஒய் ஓ யூ. ஹெச் ஏ வி இ. ஹெச் இ எல் டி..."

அங்கேயே நிறுத்தச் சொன்னேன்.

"என்ன டீச்சர், கெட்ட வார்த்தையா?"

கெட்ட வார்த்தை இல்லை. நீ பிடித்து வைத்திருக்கிறாய் என்கிறது. ஒரு பொட்டலத்தை இனி மாற்றவே கூடாது, எத்தனை புதுசு வந்தாலும் இது இப்படியே இருக்க வேண்டும் என்று இயந்திரத்திடம் சொல்லிவைக்கலாம். அதற்குப் பிடித்து வைத்தல் என்று பெயர். நான் அந்தக் குரல் பொட்டலத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் புதுசாகிவிட்டது, புதுக் குரல் இருந்தால்தான் அவை வேலை செய்யும். இது நகராது. நானாக எடுக்காதவரைக்கும் இயந்திரம் அதைத் தொடாது. சொன்ன பேச்சைக் கேட்கிறது, அதில் குறை சொல்ல முடியாது.

இதைச் சுருக்கி அவளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க வச்சத நீங்களே எடுத்தாப் போதும்லா. இதுக்கா இம்புட்டு நாளு?"

அதைப் பிடித்து வைத்ததை மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதத்தான் ஊசியை எடுத்தேன். மறக்கவில்லை. முதல் நாளே தெரியும்.

மே 15, புதன்

குரலைப் பற்றி எழுதிவைக்கிறேன். பிற்பாடு யாராவது படித்தால் என்னைப் பிடிவாதக்காரி என்று நினைக்கக் கூடாது.

முதலில் வந்த தமிழ்க் குரல் சகிக்காது. வல்லினம் மெல்லினம் ஒன்றும் தெரியாது, வாய்க்கு வந்தபடி வாசிக்கும். அதைக் கேட்டுப் படித்த பிள்ளைகளும் அப்படியே பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வந்தால் எப்படி ஒலிக்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, இஸ்ரவேல் சார் விதியாக எழுதினார். இரண்டு வருடம், பள்ளி விட்டதும் லேப்பில் உட்கார்ந்து. அவர் தட்டுவார், குரல் பேசும், நான் தப்பு என்பேன், அவர் திருத்துவார். ஒரு நாளைக்கு நூறு தடவை தப்பு என்றிருப்பேன். ஒரு தடவைகூட அவர் சலித்துக்கொண்டதில்லை. கடைசியில் அதை ஒரு பொட்டலமாகக் கட்டி என் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்தார். அதுதான் பிரம்மசக்தி கேட்ட அண்ணன்.

அவர் ரிட்டயர் ஆன மாதம், இந்தக் குரலைத் தயாரிக்கிறவர்களுக்கு நம் விதிகளை அனுப்பிவிடுவோம், எல்லா ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரட்டும் என்றார். இன்னும் நாற்பது பிழை இருக்கிறது, முடியாத வேலையை என் பேரில் அனுப்பக் கூடாது என்றேன். குறையோடு போனாலும் போகட்டும் டீச்சர், போன பிறகு திருத்துவோம் என்றார். அப்படியானால் இனி என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம் என்றேன். அவர் அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த அரைகுறைக் குரல் என் வீட்டுக்குள் வரக் கூடாது என்று அன்றே பழையதைப் பிடித்து வைத்தேன். அவர் நாகர்கோவிலில் அக்கா வீட்டோடு போய்விட்டார்.

இவ்வளவுதான். அன்று அவர் வேறு ஒன்றும் கேட்டார். அது இதற்குச் சம்பந்தமில்லை.

மே 17, வெள்ளி

மூன்று நாளாக வேறு வழி தேடினேன். புதுசாக வந்தவற்றையெல்லாம் பழசுக்கே திருப்பிவிட்டால் என் குரல் பேசும். பழைய பொட்டலங்கள் இப்போது எங்கேயும் இல்லை, நாலு வருடத்தில் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பிரம்மசக்தி "இல்லைங்கு டீச்சர்" என்று வாசிக்கிறாள். இவளுக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு பீடி குறைந்திருக்கும் என் உபயத்தில். சொன்னால், "இருக்கட்டும், மேல தனியா உக்காந்து சுத்துததுக்கு இங்க உக்காந்து சுத்துதேன்" என்கிறாள்.

செல்வின் போன் செய்தார். குரலில் ரொம்ப மரியாதை.

"மேடம், நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம். திங்கட்கிழமை வரைக்கும் பாக்கோம். இல்லன்னா மீதிப் பாடத்தை இங்க உள்ள பிள்ளைகளே பாத்து அனுப்பிருவாங்க."

"பாத்து" என்றால் கண்ணால் பார்த்து. கண்ணால் பார்ப்பவர்களுக்கு ஒற்று விடுபட்டது தெரியாது. விரலால் தடவிப் படிக்கிற பிள்ளை அங்கேயே முட்டி நிற்கும். அவருக்கு இதை எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமை என்றால் இன்னும் மூன்று நாள்.

மே 18, சனி

முன்பெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் இஸ்ரவேல் சார் வருவார். நாலு வருடமாகியும் நாலரை மணிக்குக் கூடுதலாக ஒரு டம்ளர் பாலை அடுப்பில் வைத்துவிடுகிறேன். பிறகு நானே குடிக்கிறேன்.

மே 19, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. மத்தியானம் பிரம்மசக்தியைக் கூப்பிட்டேன். தட்டு இல்லாமல் வந்தாள்.

விடுவிக்கும் கட்டளை ஒரே வரி. நான் தட்டத் தட்ட எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். என்டர் அடிக்கும் முன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அழுதீங்களா டீச்சர்?"

"இல்ல. வேர்வை."

"சரி. நம்ம அக்னி நட்சத்திரம் அப்படித்தான்."

இதை விடுவித்தால் புதுக் குரல் பழையதன் மேல் உட்கார்ந்துவிடும், அந்தப் பொறுமையான மனிதர் திரும்ப வரமாட்டார் என்று அவளிடம் சொன்னேன். நான் தப்பு என்றபோதெல்லாம் இஸ்ரவேல் சார் தட்டியது, அந்த இரண்டு வருடத்துச் சாயங்காலங்கள், எல்லாம் அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது, என்னிடம் வேறு நகல் கிடையாது என்றும் சொன்னேன். அவள் எழுந்து வந்தாள். என் தோளில் கை வைத்தாள். யாரும் என்னைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் போடப் பார்த்தேன், வரவில்லை.

என்டர் அடித்தேன். பிறகு சரிசெய்யும் கட்டளை. இந்தத் தடவை நிற்கவில்லை. "ஓடுது, ஓடுது, ஓடுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அணைத்துப் போட்டோம்.

ஒரு பெண் குரல். எனக்குப் பழக்கமில்லாத குரல். "திரை வாசிப்பான் தொடங்கியது" என்றது.

பிரம்மசக்தி கை தட்டினாள். நான் நன்றி சொன்னேன். அவள் போன பிறகு ஒலியைக் குறைத்து வைத்தேன். வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஆள் வந்து உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கிறது.

மே 20, திங்கள்

செல்வினுக்குப் போன் செய்து, பாடங்கள் என்னிடம்தான் இருக்கும், யாரும் பார்க்க வேண்டாம் என்றேன். நாள் முழுக்க இருபதாம் பாடம். தப்பு வரட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. பத்து வரி, இருபது வரி. பழைய குரல் தடுக்கிய இடங்களை இது தடுக்காமல் தாண்டுகிறது. நான் நாற்பது பிழை என்று பட்டியல் போட்டேனே, அதில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டேன். பெரும்பாலும் சரியாக இருக்கின்றன. யார் சரிசெய்தது என்று தெரியவில்லை.

மே 21, செவ்வாய்

தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு குறிப்பு வரும். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று தேதி போட்டு இருக்கும். நான் ஒருநாளும் திறந்ததில்லை. இன்று திறந்தேன். புதுக் குரல்தான் வாசித்தது.

நாலு வருடத்துக்கு முன், ஜூன் மாதம்: தமிழ் உச்சரிப்பு விதிகள் சேர்க்கப்பட்டன. விதிகள், ஜெ. பியூலா. தட்டச்சு, இஸ்ரவேல்.

என் பெயர்தான் முதலில். தன்னைத் தட்டச்சுக்காரர் ஆக்கிக்கொண்டிருக்கிறார்.

மூன்று மாதம் கழித்து: பியூலா சுட்டிக்காட்டிய நாற்பது பிழைகளில் ஆறு திருத்தப்பட்டன. பிறகு, இன்னும் நான்கு. பிறகு, ஒன்பது. பிறகு, பத்து. நான் அந்த வார்த்தைகளைச் சொன்னது சண்டையில், கோபத்தில், ஒரே மூச்சில். அத்தனையையும் ஞாபகம் வைத்திருக்கிறார். இரண்டு வருடம் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அது என் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது. நான் பழையதைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்திவைத்திருந்தேன்.

கடைசிக் குறிப்பு, இரண்டு வருடத்துக்கு முன்: மீதி பதினொன்று. எனக்குக் காது கேட்பது நின்றுவிட்டதால் இனிச் சரிபார்க்க இயலாது. கேட்க முடிந்தவர்கள் தொடருங்கள்.

அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். ஒரே மாதிரிதான் வாசித்தது.

இங்கே யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். அன்று அவர் கேட்டது, "ரெண்டு வீட்டுல ரெண்டு அடுப்பு எதுக்கு டீச்சர் எரியணும்?" என்பது.  என்னுடைய ஐம்பத்தேழு வயதில் அதைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பயந்துபோய் நாற்பது பிழையைச் சொன்னேன்.

மே 22, புதன்

போன் செய்தேன். அவருடைய அக்கா தங்கபாய் எடுத்தார்.

"பியூலா டீச்சரா? ஏம்மா, இப்பவாவது நெனப்பு வந்துதே. அவனுக்குச் செவி சுத்தமாக் கேக்காதும்மா. ரெண்டு வருசமாச்சு. முதல்ல ஒரு செவி, பெறகு மத்ததும் போச்சு. ஜாய்ஸ் சொல்லலியா?"

நான் சொல்லவிடவில்லை என்றேன்.

"அவன் பேசுவான். நமக்குத்தான் அவன்ட்ட ஒண்ணும் சொல்ல வழியில்ல. தோள்ல ஒரு தட்டு தட்டினா சாப்பாடு, ரெண்டு தட்டினா குளி. வேற என்னத்தச் சொல்ல? உள்ளங்கையில உங்க புள்ளி எழுத்த விரலால குத்தினா அவனுக்குப் புரியுமாம். இங்க யாருக்கும்மா அது தெரியும்?"

அங்கே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். கண்ணும் காதும் இல்லாமல், ஒரு தட்டு, இரண்டு தட்டு, இரண்டு வருடம். நான் இங்கே பதிமூன்று நாள் சத்தமில்லை என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

மே 24, வெள்ளி

நாலு பாடமும் முடிந்தது. உள்ளே கிடந்த ஏழு பாடத்தோடு சேர்த்துப் பத்தரை மணிக்கு அனுப்பினேன், ஒரு நாள் முன்கூட்டியே. "சூப்பர் மேடம்" என்றார் செல்வின். ஜூன் முதல் வாரம் புத்தகம் போய்விடுமாம்.

வேலையோடு வேலையாக, புதுக் குரல் தடுக்கிய இடங்களையும் குறித்துக்கொண்டே வந்தேன். பழக்கம் விடவில்லை.

மே 27, திங்கள். நாகர்கோவில்

காலையில் பிரம்மசக்தி பஸ் ஏற்றிவிட்டாள். "அவங்கதானா டீச்சர், அந்தப் பொறுமைசாலி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கண்டக்டரிடம், "எங்க டீச்சர பத்திரமா எறக்கி விடுங்க" என்று சொன்னாள். எங்க டீச்சர் என்று யாரும் சொல்லிக் கேட்டு நாளாயிற்று.

பதினொரு மணிக்கு அந்த வீட்டில் இருந்தேன். தங்கபாய் அக்கா என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, இஸ்ரவேல் சாருடைய கையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கை மெலிந்திருந்தது.

"யாரு?" என்றார். தன் குரல் தனக்கே கேட்காததால் ரொம்பச் சத்தமாக இருந்தது.

அவர் உள்ளங்கையை விரித்து, என் விரலால் புள்ளி வைத்தேன். என் பெயருக்குப் பிரெயிலில் ஆறு கட்டம். நாலாவது கட்டத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, உள்ளங்கை மூடப் பார்த்தது. ஆனாலும் முடிக்கவிட்டார்.   மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வாக்கியம் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அவர்தான் கேட்டார். "புதுக் குரல் போட்டீங்களா?"

ஆமாம் என்று எழுதினேன்.

"எப்படி இருக்கு? நான் கடைசியா மாத்துனதெல்லாம் என் காதால கேக்கவே இல்ல."

நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். ஒரு பிழையும் இல்லை என்று எழுதினேன். இந்த மனிதருக்கு இதற்கு மேல் ஒரு பிழையையும் சொல்லக் கூடாது என்று முடிவு பண்ணித்தான் வந்திருந்தேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"அப்ப நீங்க பியூலா டீச்சர் இல்ல" என்றார். "யாரு நீங்க?"

அந்த இருட்டில் அவருக்கு என்னைத் தெரிந்துகொள்ள வேறு என்னதான் இருக்கிறது. கையைத் தேடிப் பிடித்து மறுபடி விரித்தேன். பதினாலு என்று எழுதினேன்.

"பதினாலா?" என்றார். "எங்கிட்ட பதினொண்ணுதான் இருக்கு. மத்த மூணு எது?"

கையை அவரே நீட்டினார். நான் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பிழையிலிருந்து ஆரம்பித்தேன்.